அப்பாவுக்கு ஜன்னல் சீட்!

இந்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ, அரியர், காதல் எதுவும் கிடையாது. ஒரே ஒரு கேள்வி. உங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் இருக்கா?

'ஓ, இருக்கே!' என்று கையைத் தூக்கியவர்கள், அது எந்த வருஷம் காலாவதி ஆகுது என்று சொல்லுங்க பார்ப்போம். தெரியாது, இல்லையா? ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க எத்தனை யூரோ காட்டணும் என்பது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. போகட்டும், விடுங்க.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்களுக்கு இந்தக் கேள்வி இப்போ ரொம்ப அவசியம். ஏன்னா, ஒரு கணக்கு இருக்கு. 1980ல் அசோக் லேலண்ட் இங்கே வந்தது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து ஓட ஆரம்பித்தது. 80களின் பின்பாதியில் டைட்டன் வாட்ச். அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன கம்பெனிகள். 1987ல் 20 வயதில் டிபன் கேரியரோடு கேட்டுக்குள் போன பையனுக்கு 2025ல் 58 வயசு. அதாவது, ஒரு தலைமுறையே இப்போ கடைசி ஷிஃப்ட் முடித்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. சிலர் உங்க தாத்தா. பலர் உங்க அப்பா.

அவங்க பார்த்த வெளியூர் எது? திருப்பதி, தர்மஸ்தலா, மைசூர். யூனியன்காரங்க ஏற்பாடு பண்ணின கன்னியாகுமரி டூர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவங்களுக்கு 'ஃபாரின்' என்றால் அத்திபெலே தாண்டி பெங்களூரு!

வெளிநாட்டில் ரிட்டையர் ஆனவங்க என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் பாருங்க. கனடாவில் குளிர் ஆரம்பிச்சா, வயசான ஜோடிகள் மூட்டையைக் கட்டிக்கிட்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா, அரிசோனா, அதுக்கும் கீழே மெக்ஸிகோ என்று இறங்கிடுவாங்க. பனி உருகினதும் திரும்பி வீட்டுக்கு. அவங்களுக்குப் பெயரே 'ஸ்னோபேர்ட்ஸ்', பனிப்பறவைகள். இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒண்டாரியோ மாகாணத்துக்காரர் வருஷத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அரசு மருத்துவக் காப்பீடு கைவிட்டுப் போகலாம். அதனால் காலண்டரில் ஒவ்வொரு நாளா டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாங்க. ஒரு குளிர்காலம் கழிக்கும்போதே அடுத்த வருஷம் எங்கே, எத்தனை நாள் என்று பிளான் ரெடியாகிவிடும்.

இதெல்லாம் டாலர்காரங்க சமாச்சாரம் என்று சொல்லாதீங்க. நம்ம திருவண்ணாமலைக்கு டிசம்பர், ஜனவரியில் போய்ப் பாருங்க. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் ரூம் எடுத்து மாசக்கணக்கில் தங்கியிருப்பாங்க. அத்தனை பேரும் கோடீஸ்வரங்க கிடையாது. அவங்க ஊர் ஹீட்டர் பில்லைவிட இங்கே வாடகை கம்மி, அவ்வளவுதான்.

இன்னும் பக்கத்தில் ஒரு கேஸ் சொல்றேன். கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி. 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்று ஒரு டீக்கடை. டீக்கடைதான் பாஸ், செயின் ரெஸ்டாரன்ட் இல்லை! தினம் 300 ரூபாய் தனியா எடுத்து வைப்பாங்க. பத்தலைன்னா கடன் வாங்குவாங்க. போய்ட்டு வந்து, டீ ஆத்தி ஆத்தி கடனை அடைப்பாங்க. அடைச்சதும் அடுத்த நாடு. 2007ல் ஆரம்பிச்சு 26 நாடு பார்த்துட்டாங்க. 2019ல் ஆனந்த் மஹிந்திராவே அவங்களை ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து அனுப்பி வெச்சார். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்ட்டு வந்தாங்க. அடுத்த மாசம் விஜயன் காலமானார், 76 வயசு.

கடன் வாங்கி ஊர் சுத்துறது சரியா, தப்பா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். என் ஓட்டு கடனுக்கு இல்லை. ஆனா, அந்த 300 ரூபாய்க்கு உண்டு. வருஷத்துக்கு 1,09,500 ரூபாய், நீங்களே போட்டுப் பாருங்க.

இப்போ நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். இது கொஞ்சம் கசக்கும். தனியார் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு வருவது இ.பி.எஸ். பென்ஷன். சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. இதுதான் ஃபார்முலா. இதில் சம்பளம் என்பது அவர் நிஜமா வாங்கின சம்பளம் இல்லை. 2014 செப்டம்பரில் அந்த உச்சவரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினாங்க. அதை வைத்து முழுசா 35 வருஷம் போட்டாலும் மாசம் 7,500 ரூபாய்தான். 2014க்கு முந்தைய வருஷங்களுக்கு 6,500 ரூபாய்தான் கணக்கு. திட்டமே 1995 நவம்பரில்தான் வந்தது. அதனால், கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து அது கிடைத்தவர்கள் தவிர, மற்றவங்க கைக்கு வருவது இன்னும் கம்மி. மாசா மாசம் இது மளிகைக்கும் மாத்திரைக்கும் சரியாப் போகும்.

மொத்தமா வருவது பி.எஃப். பணமும் கிராஜுட்டியும். 38 வருஷ உழைப்பு ஒரே நாளில் பேங்க் அக்கவுன்ட்டில் விழும். விழுந்த வேகத்தில் அது எங்கே போகுது? அக்கா கல்யாணம். வீட்டு மேல் மாடி. அப்புறம், கோவிச்சுக்காதீங்க, உங்க எஜுகேஷன் லோன். கோ-அப்ளிகன்ட் என்று அப்பாதானே கையெழுத்துப் போட்டிருக்கார்? வேலை கிடைக்க லேட் ஆனா பேங்க்காரர் போன் பண்ணுவது அவருக்குத்தான். அவர் உங்ககிட்டே சொல்லக்கூட மாட்டார். 'நீ படிப்பைப் பாரு'ம்பார்.

அப்பா அம்மாவின் வெளிநாட்டுப் பயணத்துக்கு முதல் டிக்கெட் நீங்க லோனை ஒழுங்கா கட்டுவது. இது அட்வைஸ் இல்லை பாஸ், அரித்மெடிக்.

ரெண்டாவது, அந்த மொத்தப் பணத்தில் ஒரு பகுதியை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 3 மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். 60 வயசுக்காரங்களுக்கான திட்டம்தான். ஆனா, 55க்கு மேல் ரிட்டையர் ஆனவங்க, பணம் கைக்கு வந்த 3 மாசத்துக்குள் போட்டால் அவங்களுக்கும் உண்டு. 15 லட்சம் போட்டு, சும்மா 8 சதவீதம் என்றே வெச்சுக்குவோம், காலாண்டுக்கு 30,000 ரூபாய். வருஷத்தில் மூணு வட்டி வீட்டுக்கு, ஒரு வட்டி பயணத்துக்கு என்று பிரித்துப் பாருங்க. ரெண்டு மூணு வருஷத்தில் முதல் ஃப்ளைட் ஏறிடலாம்.

ரைட், பணம் ரெடி. எங்கே போறாங்க? 'எங்கே என்ன, அண்ணன் நியூஜெர்ஸியில் இருக்கான், அங்கேதான்' என்பீங்க. இங்கே நிறுத்தி ஒரு விஷயம் பேசணும்.

நம்ம அப்பா அம்மாக்களின் ஃபாரின் ட்ரிப் எப்படி நடக்குது தெரியுமா? மருமகளுக்கு அல்லது மகளுக்கு டெலிவரி டேட் வரும். அம்மா 6 மாசம். அவங்க திரும்பினதும் சம்பந்தியம்மா 6 மாசம். ஷிஃப்ட் சிஸ்டம்! அப்பா 38 வருஷம் பார்த்த அதே ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட். குழந்தையைக் குளிப்பாட்டி, சோறு வெச்சு, பாத்திரம் கழுவி, மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்தா இருட்டிடும். சிகாகோவிலும் டொரான்டோவிலும் டிசம்பரில் சாயந்திரம் 5 மணிக்குள் சூரியன் காலி. கார் ஓட்டத் தெரியாது. பஸ் கிடையாது. பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும் நடைபாதையில் கால் வெச்சா வழுக்கும். தினம் காலையில் ராமநாயக்கன் ஏரியை மூணு சுத்து சுத்தி, சந்திரசூடேஸ்வரர் மலை ஏறி இறங்கி, டீக்கடையில் பேப்பர் படித்த மனுஷன், ஜன்னல் வழியா பனியைப் பார்த்துக்கிட்டு நாலு மாசம் உட்கார்ந்திருப்பார். போட்டோவில் மட்டும் நயாகரா முன்னாடி சிரிப்பார்.

பேரனைப் பார்க்கப் போவது தப்பா? சத்தியமா இல்லை. அம்மா ஆசையாத்தான் போறாங்க. ஆனா, அதை 'அம்மாவுக்கு அமெரிக்கா சுத்திக் காட்டினேன்' என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. வேலைக்குக் கூப்பிட்டா வேலை என்று சொல்லணும். டூர் என்றா, டூர் கூட்டிக்கிட்டுப் போகணும்.

ஸோ, மாதம் பார்த்து பிளான் பண்ணுங்க. அமெரிக்காவின் வடக்குப் பக்கம், கனடா என்றால் ஆகஸ்ட் கடைசியில் போய், இலை சிவக்கும் அக்டோபரைப் பார்த்துட்டு, பனிக்கு முன்னாடி இறங்கி வந்துடலாம். குளிர்காலத்தில்தான் போகணும் என்றால் வெயில் உள்ள நாட்டைத் தேர்ந்தெடுங்க. அண்ணன் டெக்ஸாஸிலோ ஃபுளோரிடாவிலோ இருந்தா அதிர்ஷ்டம். மாமா துபாயில் இருக்காரா? ஜனவரியில் அங்கே பகலில் 24 டிகிரி அளவுதான், நம்ம ஓசூர் மாதிரியே! குளோபல் வில்லேஜ் திருவிழா மாதிரிக் கொண்டாட்டங்களும் குளிர் சீசனில்தான் திறந்திருக்கும். இன்னும் தில் இருந்தா ஆஸ்திரேலியா. நமக்குக் குளிர் என்றால் அவங்களுக்குக் கோடை. டிசம்பர் 26ஆம் தேதி மெல்போர்ன் மைதானத்தில் டெஸ்ட் மேட்ச் ஆரம்பிக்கும். விடியற்காலையில் எழுந்து டி.வி.யில் பார்த்தே பழகின அப்பாவை ஒரு தடவை அங்கே உட்கார வைங்க!

அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும்போதே அடுத்த ட்ரிப்புக்கு ரூட் போடலாம். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வாங்க வேண்டாம். அதே விசாவைக் காட்டி, திரும்பி வரும் வழியில் துபாயில் இறங்கி 'விசா ஆன் அரைவல்' வாங்கலாம். விசாவுக்கு எவ்வளவு மாசம் பாக்கி இருக்கணும், எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் அடிக்கடி மாறும். தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீங்க. பக்கத்து வீட்டு அங்கிள் போன வருஷம் போனது போன வருஷத்தோடு சரி.

விசாவில் பெரியவங்க மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'பத்து வருஷ விசா' என்றால் பத்து வருஷம் தங்கலாம் என்று நினைச்சுக்குவாங்க. இல்லை! அமெரிக்காவில் இறங்கும்போது அதிகாரி போட்டுத் தரும் ஐ-94 தேதிதான் கணக்கு. வழக்கமா 6 மாசம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் மொத்தம் 90 நாள்தான். கனடாவில் பேரன், பேத்தி இருந்தா 'சூப்பர் விசா' என்று ஒன்று இருக்கு. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் 5 வருஷம் வரைக்கும் தங்கலாம். அதுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

காப்பீடு என்றதும் நினைவுக்கு வருது. சர்க்கரை, பி.பி. இல்லாத 60 வயசுக்காரர் யாராவது உங்க தெருவில் இருக்காங்களா? பல டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பணம் கிடையாது. அல்லது, திடீர்னு உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்குப் போனால் மட்டும் உண்டு. பிரீமியம் கம்மி என்று வாங்கிட்டு, அங்கே நெஞ்சுவலி வந்தா ஆஸ்பத்திரி பில் அப்பாவின் கிராஜுட்டியையே முழுங்கிடும். பாலிசியை எடுத்து, 'என்னென்னவெல்லாம் கிடையாது' என்ற பக்கத்தை முதலில் படிங்க. இங்கிலீஷ் மீடியம் படித்ததுக்கு இதாவது பண்ணுங்க.

இப்போ நான் சொல்லப் போறதுதான் உங்களுக்கு இந்த லீவில் ஹோம்வொர்க். இனிஷியல்! நம்ம ஊரில் அம்மா பெயர் ஆதாரில் 'மு. லட்சுமி'. ரேஷன் கார்டில் வெறும் 'லட்சுமி'. பாஸ்போர்ட் ஃபார்மில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். என்ன எழுதுறதுன்னு தெரியாம புரோக்கர் அதைக் காலியா விட்டுடுவார். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழும். 'முதல் பெயர் தெரியாது' என்று அர்த்தம். பெத்த அம்மாவுக்குப் பெயர் தெரியாதாம்! அமெரிக்காவில் சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரிச்சு எழுதி, சர்நேம் கட்டத்தை நிரப்புங்க. முதலில் ஆதாரைச் சரி பண்ணிட்டு அப்புறம் பாஸ்போர்ட். இந்த வரிசை மாறினால் அலைச்சல்தான்.

இன்னொன்று. பத்தாவது படிக்காதவங்களுக்கு 'ஈ.சி.ஆர்.' முத்திரை விழும் என்று பயமுறுத்துவாங்க. 50 வயசு தாண்டினவங்களுக்கு அது தேவையில்லை. புரோக்கர் அதுக்குத் தனியா காசு கேட்டா, இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

எல்லைப் பக்கத்து ஸ்பெஷல் பிரச்னையும் ஒன்று இருக்கு. பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். விசா சென்டர் பெங்களூரில் இருக்கே என்று அப்பாயின்ட்மென்ட் போட்டுடாதீங்க. நம்ம முகவரி தமிழ்நாடு. சில நாட்டுத் தூதரகங்கள் மாநிலம் பார்த்துத்தான் விண்ணப்பம் வாங்கும். 2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தாங்க. திறந்தப்போ அங்கே விசா சேவை இல்லை. நமக்குச் சென்னை அண்ணா சாலைதான்.

அம்மா, 'எனக்கு இங்கிலீஷ் வராதுடா, நான் வரலை' என்று சொல்வாங்க பாருங்க, அதுக்கு மட்டும் மயங்கிடாதீங்க. வீட்டில் தமிழ், பால்காரரிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூணு பாஷையில் பேரம் பேசி ஜெயிக்கிற ஆளு அவங்க. பாங்காக் மார்க்கெட்டில் கால்குலேட்டரைக் காட்டிக்கொண்டு உங்களைவிடக் கம்மி விலையில் வாங்கிட்டு வருவாங்க. அவங்களுக்குத் தயக்கம் பாஷையில் இல்லை, செலவில். 'அந்தக் காசுக்கு உனக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம்' என்பது அடுத்த வரியா வரும்.

டூர் கம்பெனி பேக்கேஜில் போனால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை சேர்த்துப் பிடிப்பாங்க. அப்பாவுக்கு வருமான வரி வராது என்றால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். ஆனா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணினால்தான். ஆன்லைனில் அரை மணி நேர வேலை. பி.காம். பசங்க யாராவது உதவி பண்ணுங்கப்பா.

கிளம்பும் முன்னாடி பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கணும். 'ஜீவன் பிரமாண்' என்று போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துடலாம். இ.பி.எஸ். பென்ஷன்காரங்க வருஷத்தில் எப்போ வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். நவம்பரில் ஊரில் இருக்க மாட்டாங்க என்றால் ஃப்ளைட்டுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துக்கிட்டுப் போகாமல், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வைங்க. மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் டிரமடால், கோடீன் இருக்கான்னு பாருங்க. வளைகுடா நாடுகளில் அதெல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து.

அப்புறம், அம்மாவின் பெட்டி. அதை நீங்களே ஒரு தடவை திறந்து பார்த்தே ஆகணும். துபாய் என்றால் கசகசா கூடவே கூடாது. நமக்குக் குருமா சாமான், அங்கே போதைப்பொருள் லிஸ்ட்டில் இருக்கு, ஜெயில் வரைக்கும் போகும். மசாலாப் பொடியில் அரைச்சுக் கலந்திருந்தாலும் எடுத்துடுங்க. அமெரிக்கா என்றால் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதோடு வரும் என்று விமான நிலையத்திலேயே பிடுங்கிடுவாங்க. அம்மா முகம் வாடிடும்.

கடைசியா, ஏர்போர்ட்டுக்குப் போற வழி. ஓசூரில் சர்வதேச விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் என்று திட்டம். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது என்று ஒரு ஷரத்து இருப்பதால் அதில் இழுபறியும் உண்டு. அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நமக்குத் தேவனஹள்ளிதான். ஜூஜுவாடி, அத்திபெலே, எலெக்ட்ரானிக் சிட்டி, அப்புறம் அந்த சில்க் போர்டு ஜங்ஷன்! ராத்திரி 2 மணி ஃப்ளைட்டுக்கு 7 மணிக்கே கிளம்பிடுங்க. 'இவ்வளவு சீக்கிரம் எதுக்குடா?' என்று அப்பா கேட்பார் என்றா நினைக்கிறீங்க? அவர் 5 மணிக்கே ஷூ போட்டு வாசலில் நிற்பார். டிக்கெட் போடும்போதே அவருக்கு ஜன்னல் சீட் கேட்டு வாங்கிடுங்க.